புது மாடலும் பின்சீட்டும்

என் கல்யாணத்தில் எனக்கு அடுத்தபடியாகப் பெரிய மாலை போட்டுக்கொண்டு நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். அடுத்தபடியாக என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பார்க்க வந்த கூட்டத்தைக் கணக்கில் எடுத்தால் அதற்குத்தான் முதல் இடம்.

பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை எல்லோரும் பார்க்கும்படி பரப்பி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் அது கூடம் கொள்ளாமல் கிடக்கும். அந்த வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் செய்து கொடுத்த எங்களைப் போன்ற ஆசாரிக் குடும்பங்களுக்கும், பார்த்துப் பார்த்து அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடங்கள், அந்த வரிசையின் கடைசியில் டேங்கில் குங்குமப் பொட்டு வைத்து வண்டி. பெண்கள் அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். ஆண்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் தரையில் கையூன்றிக் குனிந்து அதன் அடிவயிற்றை ஆராய்ந்தார். என்னை யாரும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு நெற்குப்பையில் கிரில் பட்டறை. ஜன்னல் கம்பி, இரும்புக் கேட்டு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்த வருடமே அவர் மதுரையில் ஒரு வண்டிக்குப் பதிந்துவிட்டார். மாப்பிள்ளை யாரென்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை கிடைத்துவிடுவார், வண்டி கிடைப்பதுதான் பாடு.

எங்கள் முறை வருவதற்குள் கம்பெனிக்காரர்கள் மாடலை மாற்றிவிட்டார்கள். பழைய மாடலில் இரண்டு தனித்தனி சீட்டு. பின்சீட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள வளைந்த இரும்புப் பிடி, சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க இடது பக்கம் கம்பி வலை, ஒரு பக்கமாக உட்காருகிற பெண்கள் இரண்டு பாதத்தையும் வைக்கிற மாதிரி ஒரு பலகை எல்லாம் இருந்தன. புது மாடல் தூரப் பயணத்துக்கும் வேகத்துக்குமாகச் செய்தது என்றார்கள். ஹேண்டில்பார் தாழ்ந்தது, டேங்க் நீண்டது, ஒரு சைலன்சர் இரண்டாகி பக்கத்துக்கு ஒன்றாகப் பளபளத்தது. சீட்டு ஒரே நீளச் சீட்டாகிப் பின்பக்கம் சரிந்தது. பிடியும் வலையும் பலகையும் காணாமல் போயின. அவை வண்டியின் அழகைக் கெடுக்கின்றன என்று எங்கோ யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். அந்த யாரோ சேலை கட்டாத ஆள்.

மதுரைக் கடையில் பழைய மாடல் ஒன்றும் மிச்சமிருந்தது. எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கல்யாணத் தரகரிடம் யோசனை கேட்டார், என் தாய்மாமாவிடம் கேட்டார், பட்டறைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடமும் கேட்டார். அதற்குள் நிச்சயம் ஆகிவிட்டிருந்த மாப்பிள்ளையை மட்டும் கேட்கவில்லை. சீர் விஷயத்தை மாப்பிள்ளையிடம் கேட்பது பேரம் பேசுவதாகிவிடும் என்பது எங்கள் முறை. என்னைக் கேட்பதற்கு முறை என்று ஒன்றே கிடையாது.

"பழைய மாடலக் கொண்டுபோய் நிப்பாட்டுனா, நாளைக்குப் போற வீட்டுல உன்னையத்தான் குத்திக் காட்டுவாக, ஆத்தா" என்றார் அப்பா. புதுசையே எடுத்தார்.

புகுந்த வீடு காரைக்குடி. என் கணவருக்குக் கானாடுகாத்தானில் மின்சார ஆபீஸ் வேலை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வண்டியைக் குளிப்பாட்டுவார். அது காய்வதற்குள் சபை கூடிவிடும்.

சபையில் அவரோடு சேர்த்து நான்கு பேர், நால்வரும் வண்டிக்காரர்கள். சேர்ந்து ராமேசுவரம் போவார்கள், கொடைக்கானல் போவார்கள், சீசனுக்குக் குற்றாலம் போவார்கள். அரிசி மில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், பழைய மாடல்காரர். மருந்து கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றும் ஒரு விற்பனையாளர். மூன்றாமவர் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகளைக் கவனித்துக்கொள்பவர். இடுப்பில் சாவிக் கொத்தோடு கானாடுகாத்தான், கொத்தமங்கலம் என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் திறந்து காற்று விட்டுவிட்டு மறுபடி பூட்டுவார். நான் அவரைச் சாவிக்காரர் என்றே மனதுக்குள் வைத்திருந்தேன்.

மூவரும் என் அப்பாவின் வண்டியை ஆளுக்கொரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்.

"இதெல்லாம் ஒரு சத்தமா? தையல் மிசினு மாதிரியில்ல ஓடுது. என் வண்டி முக்குத் திரும்பும்போதே வீட்டுல காப்பி கலந்துருவாக" என்றார் மில்காரர்.

"நீங்க காப்பிக்கு வண்டி வாங்குனீக, இவரு ஓட்டுறதுக்கு வாங்கிருக்காரு" என்றார் விற்பனையாளர். அவருக்கு வண்டி மீது காதலே வந்துவிட்டது. "பிரேக்கைப் பாத்தீகளா? தொட்ட எடத்துல நிக்கிது. லைட்டப் போட்டா மானாமதுரை வரைக்கும் தெரியும்போல."

சாவிக்காரருக்குத் தாழ்ந்த ஹேண்டில்பார் ஒத்துவரவில்லை. "குனிஞ்சுக்கிட்டே போனா இடுப்பு என்னத்துக்காகும்? ரோட்டப் பாக்குறதா, டேங்கப் பாக்குறதா?" என்று முதுகைத் தடவிக்கொண்டார்.

நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவர்கள் வண்டியைக் குறை சொன்னால் அது என் அப்பாவைச் சொன்னது. புகழ்ந்தால் எனக்குள் ஒன்று முணுமுணுக்கும், நீ பின்னால் உட்கார்ந்து பார்த்தாயா என்று. ஒவ்வொரு ஞாயிறும் இந்த இரண்டுக்கும் நடுவில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இனி பின்சீட்டைப் பற்றி. ஏறி உட்கார்ந்தவுடன் சரிவு என்னைப் பின்னுக்கு இழுக்கும். பிடிக்க ஒன்றும் இல்லை. கால்மிதி என்று ஒரு கட்டைவிரல் நீளக் கம்பி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் ஆண்களுக்கானது. ஒரு பக்கமாக உட்காரும் எனக்கு அதில் ஒரு பாதம்தான் நிற்கும், இன்னொரு கால் தொங்கும். தொங்கும் காலுக்கு நேர் கீழே அந்த இரட்டைச் சைலன்சரில் இடப்பக்கத்துத் தம்பி கொதித்துக்கொண்டிருப்பான். முதல் மாதத்திலேயே இரண்டு சேலைகளின் கரை பொசுங்கியது. கெண்டைக்காலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி சுட்டது.

கோவிலுக்கும் சினிமாவுக்கும் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கொத்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அது எனக்கு உயிர். மூன்றாம் வகுப்பு, ஓட்டுக் கூரை, வேப்பமரம், என் பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். உலகத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத இடம் அது ஒன்றுதான். மாமியார் அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"பஸ்ஸுல இடிபட்டுப் போறதெல்லாம் நமக்குச் சரிப்படாதுத்தா. அவன் போற வழிதானே? வண்டியில கொண்டு விட்டுக் கூட்டியாந்தா போ. இல்லையா, வீட்டுல இரு."

ஆக, பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே வழி அந்தப் பின்சீட்டு. அது எனக்கு ஆகாது என்று வாயைத் திறந்தால் வேலை போகும். அப்பாவிடம் சொல்லலாமென்றால், அவர் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "வண்டி எப்படி ஓடுது மாப்ளே?" என்று கேட்டு, "ரொம்ப நல்லாருக்கு மாமா" என்ற பதிலில் நிமிர்ந்து நிற்கும் மனிதர். கணவரிடம் ஒரே ஒரு முறை, "பிடிச்சுக்க ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"ஏன், நான் எதுக்கு இருக்கேன்? என்னையப் பிடிச்சுக்க" என்று சிரித்தார்.

அந்தத் தெருவில் அது நடக்கிற காரியமா? ஜன்னலுக்கு ஜன்னல் கண். கல்யாணமான புதிதில் புருஷன் தோளில் கை போட்டுக்கொண்டு காலை வெளிச்சத்தில் போகிறாள் என்றால், நான் கொத்தமங்கலம் போய்ச் சேருவதற்குள் அந்தச் செய்தி மாமியாருக்கு வந்து சேர்ந்துவிடும். ஆகவே நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ரயில்வே கேட்டு வரை கை மடியில். கேட்டைத் தாண்டியதும் அவர் தோள். சாயங்காலம் திரும்பும்போது கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் கை மறுபடி மடிக்குப் போய்விடும். வீட்டிலிருந்து கேட்டு வரைக்கும் சீட்டின் தையலை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தினமும் பயந்தேன். பள்ளிக்கூட வேப்பமரம் கண்ணில் படும்வரை அந்தப் பயம் போகாது. ஆனாலும் மறுநாள் விடிந்தால் முதல் ஆளாகக் கிளம்பி நிற்பேன்.

ஆடிக்கு நெற்குப்பைக்குப் போனபோது அப்பா கண்டுபிடித்துவிட்டார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆத்தா இது காலுல?"

"அடுப்புல பட்டுருச்சுப்பா."

"அடுப்பு எப்படி அம்புட்டுக் கீழ எறங்கி வந்துச்சு?"

நான் சேலையைக் கீழே இழுத்துவிட்டேன். நாளெல்லாம் வெல்டிங் வைக்கிற மனிதரிடம் தீக்காயத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மத்தியானம் கணவர் சாப்பிட்டுத் தூங்கிய நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் ஸ்டாண்டு போட்டிருந்த வண்டியின் பின்சீட்டில், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, பெண்கள் உட்காருவதுபோல ஒரு பக்கமாக அப்பா உட்கார்ந்திருந்தார். காலைத் தொங்கவிட்டார். சைலன்சரைப் பார்த்தார். பின்னால் கையை விட்டு எதையோ தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. முகம் கறுத்துப்போய் இறங்கி, சீட்டுக்கு அடியில் குனிந்து சாண் போட்டு அளந்தார். போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். கணவர் எழுந்துவிடுவார் என்று அப்படியே நின்றேன்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை கூடியிருக்கும்போது அப்பா காரைக்குடிக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். பிரித்தார். வளைந்த இரும்புப் பிடி, கறுப்பு பெயிண்ட் அடித்து, கை வைக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்த்திருந்தது. கூடவே சைலன்சருக்குப் போட ஒரு தகட்டு மூடி.

"பின்சீட்டுக்கு மாப்ளே. சும்மா ஒரு தோதுக்கு."

சபை உடனே விவாதத்தில் இறங்கியது. "பழைய மாடல்ல இருந்துச்சா இல்லையா? நான் அன்னைக்கே சொல்லல?" என்றார் மில்காரர். அன்றைக்கு அவர் சொன்னது சத்தத்தைப் பற்றி. ஆனால் வெற்றி வெற்றிதானே. விற்பனையாளர் பதறினார். "கம்பெனிக்காரன் இஞ்சினியர் வச்சு யோசிச்சுப் பண்ணது சார். இதுல ஓட்டை போட்டம்னா வண்டியோட கட்டுக்கோப்பே போயிரும்." சாவிக்காரர், "ஓட்டை போட்டா மழைத்தண்ணி எறங்கித் துருப் பிடிக்கும்" என்றார். ஓட்டை போடலாமா கூடாதா என்று காப்பி ஆறும் வரை பேசினார்கள். அப்பா ஒரு பக்கமாக நின்றார். அவர் பட்டறையில் இந்த வேலை ஒரு பீடி குடிக்கிற நேரம். ஆனால் கொடுத்த சீரில் கொடுத்தவன் கை வைக்க முடியாது. மாப்பிள்ளை சொல்லாமல் அந்த வண்டியின் ஒரு ஆணியை அவர் தொடக்கூடாது, கேட்காமல் யோசனையும் சொல்லக்கூடாது.

என் கணவர் குழம்பிப் போனார். கடைசியில் கதவுப் பக்கம் திரும்பினார். "உனக்கு இது வேணுமா?"

அந்த வீட்டில் அந்த வண்டியைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. நான்கு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவும் பார்த்தார். எனக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் சாந்தமாக வந்தது.

"வேணுமின்னா சொல்லுத்தா. பயமா இருந்தா வேலைக்குப் போக வேணாம். யாரு உன்னையப் போகச் சொல்லி அழுதா?"

வேண்டும் என்றால் அப்பா கொடுத்த சீர் குறையுள்ளது என்று அத்தனை பேர் முன்னால் நானே சொன்னதாகும். அதோடு வேப்பமரமும் போகும். எனக்கு வந்த கோபத்தில் கதவின் தாழ்ப்பாளை இறுகப் பிடித்திருந்தேன். அந்த வீட்டில் பிடித்துக்கொள்ள அது ஒன்றாவது இருந்தது.

"வேணாம். பழகிருச்சு" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் அப்பா. மறுபடி துண்டில் சுற்றினார். கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்தார். "வச்சுக்க ஆத்தா. மாப்ள கேட்டாகன்னா எடுத்துக் குடு." என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

ஐப்பசி மழை. சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்வே கேட்டைத் தாண்டினோம். வழக்கம்போல அவர் தோளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தேன். முக்கில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. அவர் பிரேக் போட்டார். விற்பனையாளர் சொன்னதில் துளியும் பொய் இல்லை, தொட்ட இடத்தில் வண்டி நின்றது. நான் நிற்கவில்லை.

இடது மணிக்கட்டு முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. எனக்கு எல்லாம் கேட்டது.

"டயரு சரியில்ல. ஈரத்துல வழுக்குது" என்றார் சாவிக்காரர்.

"பிரேக் இம்புட்டு வேகமாப் பிடிக்கக் கூடாது. என் வண்டின்னா மெதுவா யோசிச்சுத்தான் நிக்கும்" என்றார் மில்காரர்.

"பிரேக்கச் சொல்லாதீக. மாட்டு வண்டிக்காரனச் சொல்லுங்க" என்றார் விற்பனையாளர்.

துண்டில் சுற்றிய பொருள் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகம் வந்திருக்கும் என்றும், அதனாலேயே பேசவில்லை என்றும் இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கிற மனநிலை எனக்கு இல்லை.

கை கூடிய பிறகும் மாமியார் அனுப்பவில்லை. "ஆண்டவன் கையோட விட்டான். போதும்" என்றார். ராஜினாமாவைக் கணவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தார். அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு என்னை முழுசாக எடுத்துக்கொண்டது. அப்பா அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் வண்டியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தார். வாசலில் அதைச் சுற்றிக்கொண்டு தள்ளி நடந்து உள்ளே வருவார்.

எழுபதுகள் முடியப்போகும் நேரத்தில் கம்பெனிக்காரர்கள் மறுபடி மாடலை மாற்றினார்கள். கணவர் அதற்குப் பதிந்து, வண்டியும் வரும் என்று தெரிந்தது. சபை பட்டியல் போட்டுப் பேசியது. இந்தத் தடவை கம்பெனியே பின்சீட்டுக்குப் பிடியும் சேலை வலையும் வைத்திருந்தது. "பொம்பளைக வண்டியாக்கிப்புட்டானுக" என்று விற்பனையாளர் வருத்தப்பட்டார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பழைய வண்டியைப் பார்க்கக் கொத்தமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். சபை முழுவதும் இருந்தது. அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ரொம்பத் திருப்தி என்றார். பிறகு எங்கள் வாசல் சுவரோரம் இடுப்பில் பிள்ளையோடு நின்ற தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்குட்டு வா. நீயும் உக்காந்து பாரு."

அவள் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அசைந்து பார்த்தாள். பின்னால் கையை விட்டுத் தேடினாள். அப்பா தேடின மாதிரியே.

"எதப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றது? சேலையும் சக்கரத்துக்குள்ள போகும். இது எனக்குச் சரிப்படாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அவ்வளவுதான். சாதாரணமாக, உப்புக் குறைகிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"அப்ப வேணாம் சார்" என்றார் அவர்.

"ஓட்டப்போறது நீங்கதானே?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"உக்காரப்போறது அவதானே?"

நான் உள்ளே போனேன். பரணிலிருந்து அப்பாவின் துண்டை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் புருஷன் பிரித்துப் பார்த்தார். சீட்டுக்கடியில் குனிந்தார், வண்டியோடு வந்த ஸ்பானரைக் கேட்டார். சீட்டின் போல்ட்டு இரண்டைக் கழற்றி, பிடியின் இரண்டு கண்களையும் அதே இடத்தில் வைத்து மறுபடி முடுக்கினார். தகட்டு மூடியும் அப்படியே உட்கார்ந்தது. ஓட்டை எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவு நேரம் பேசியவர்களில் ஒருவரும் அதை வண்டியில் வைத்துப் பார்த்திருக்கவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, பிள்ளையை மடியில் வைத்து, ஒரு கையால் பிடியைப் பிடித்தாள். சரியென்று தலையை ஆட்டினாள். பணம் கைமாறியதும் என் அப்பாவின் வண்டி தெரு முக்கில் திரும்பிப் போயிற்று. எனக்கு அவள் மீது பொறாமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இப்போது நினைத்தாலும் பொறாமைதான்.

எல்லோரும் போன பிறகு கணவர் வெறும் வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"புது வண்டியில கம்பெனியே பிடி வச்சுருக்கான். இனிமே நீ பயமில்லாம உக்காந்து போகலாம்" என்றார்.

"எங்க போறதுக்கு?" என்று கேட்டேன்.